கொடிமலைக்கு ஒரு கேன் தண்ணீர்

பினாங்கில் காலை ஆறரை மணி என்றால் நல்ல இருட்டு. இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது இங்குள்ள கடிகாரம். சூரியனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஏழு மணி தாண்டித்தான் எழுந்து வருகிறது. தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையோரத்தில் நான் கொசுவை அடித்துக்கொண்டு நின்றபோது மதுரையில் மணி நாலு.

ஒரு பழைய காஞ்சில் கார் வந்து நின்றது. காஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். பெயருக்கேற்ற உருவம்தான், நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். இறங்கியவர் என் நண்பனின் தாய்மாமன். துறைமுகத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர், அறுபத்தாறு வயது. ஞாயிறு தவறாமல் மலையேறுகிறவர் என்று நண்பன் சொல்லியிருந்தான்.

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் நாம் 'டிபன்' ஆக்கித் தொலைத்துவிட்ட சொல்லைக் கடல் கடந்து வந்தவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

காரின் பின்கதவைத் திறந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை எடுத்தார். அதன் கைப்பிடியில் பழைய துண்டைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். என் முதுகுப்பையில் இரண்டு லிட்டர் இருக்கிறது, இவ்வளவு தேவையா என்று கேட்டேன்.

"இது நமக்கில்ல. மேல டீ போடுறவங்களுக்கு."

அவர் காலில் இருந்தது கறுப்பு ரப்பர் செருப்பும் இல்லாத, ஷூவும் இல்லாத ஒன்று. அடியில் முள் முள்ளாய்ப் பிடிப்பு வைத்தது. ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் காலணி. 'அடிடாஸ் கம்போங்' என்று ஊரே கேலியாகவும் செல்லமாகவும் கூப்பிடுகிறது. கிராமத்து அடிடாஸ். நான் சென்னையில் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மலையேற்ற ஷூவை அவர் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

நாங்கள் ஏறப்போகும் மலைக்குப் பெயர்கள் பல. ஆங்கிலத்தில் பினாங் ஹில். மலாயில் புக்கிட் பெண்டேரா, அதாவது கொடியுள்ள குன்று. துறைமுகத்துக்கு வரும் கப்பலை முதலில் கண்டு கோட்டைக்குச் சைகை காட்ட உச்சியில் கொடிமரம் நட்டிருந்தார்கள், அதனால் வந்த பெயர். இங்குள்ள தமிழர்களுக்கு அது கொடிமலை. தீவின் பெயரே பினாங், பாக்கு. பாக்குத் தீவு என்று எழுதினால் நம் ஊர்ப் பாட்டிகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

மலை என்றால் ஒற்றை முகடு கிடையாது. கொடிமலை, ஸ்ட்ராபெரி ஹில், கவர்ன்மெண்ட் ஹில் என்று தோளோடு தோள் ஒட்டிய குன்றுகள். எல்லாவற்றுக்கும் மேற்கே வெஸ்டர்ன் ஹில், 833 மீட்டர், தீவின் உச்சம். ஊட்டியின் உயரத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் ஊட்டிக்கு மலைமேல் ஏறிய பிறகும் மலைமேல்தான் நிற்கிறோம். இங்கே கடல்மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் செங்குத்தாக எழுகிறது கருங்கல்.

எங்கள் வழி ஒரு வளையம். மூன் கேட் பக்கமாகக் காட்டுப் பாதையில் ஏறுவது, உச்சிகளைச் சுற்றுவது, ஜீப் ரோட்டில் இறங்கித் தாவரவியல் பூங்கா வாசலுக்கு வந்து சேர்வது. இரண்டு வாசலுக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான். போன வழியே ஏன் திரும்பக்கூடாது என்று கேட்டதற்கு மாமா, "மலைக்கு முதுகு காட்டிட்டு ஓடுற மாதிரி இருக்கும் தம்பி" என்றார்.

மூன் கேட் என்பது சுவரில் வட்டமாக வெட்டிய வாசல். சீனத் தோட்டங்களில் இருக்கும் நிலா வடிவம். ஒரு காலத்துச் சீனச் செல்வந்தரின் மாளிகைக்கு வாசலாக இருந்ததாம். மாளிகை போய்விட்டது, வாசல் மட்டும் எதற்கும் வாசலாக இல்லாமல் நிற்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அதற்குள் தலையைக் குனிந்து நுழைந்தோம். குனிய வேண்டிய உயரம் இல்லை, இருந்தாலும் குனியத் தோன்றியது. எதிரே படிகள் தொடங்கின.

படிகள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரைச் சாண். கல்லை அடுக்கி, மண்ணை நிரப்பி, மழை வந்து மண்ணைக் கொண்டுபோக, மறுபடி யாரோ கல்லை அடுக்கி, இப்படிப் பல கைகள் பட்ட படிகள். பத்து நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. இருபதாவது நிமிடத்தில் நான் பேசுவதை நிறுத்தினேன். மாமா பேசிக்கொண்டே போனார், தோளில் ஐந்து கிலோ தண்ணீரோடு.

வெளுக்கத் தொடங்கியதும் காடு தெரிந்தது. நம் மேற்கு மலைத் தொடரின் காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு சாதி. மரங்கள் கிளையே விடாமல் தூண் மாதிரி ஏறி, எங்கோ மேலே போய்க் குடை விரிக்கின்றன. கீழே பிரம்பும் பெரணியும். சில்வண்டு ஒன்று அறுக்கத் தொடங்கினால் மலை முழுக்க அறுப்பு மில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. சட்டென்று நின்றால் அந்த அமைதிதான் காதைத் துளைக்கிறது.

பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் தீவே கருங்கல்லால் ஆனது. பூமிக்கடியில் குழம்பாக இருந்து மெல்ல ஆறிய கிரானைட். மேலே மூடியிருந்தது காலப்போக்கில் கரைந்துபோய் வெளியே வந்தது. வெயிலும் மழையும் விரிசல் வழியே புகுந்து மூலைகளை முதலில் தின்கின்றன. அதனால் மிச்சம் நிற்கும் பாறைகள் எல்லாம் உருண்டை. யானை படுத்த மாதிரி, குதிர் கவிழ்த்த மாதிரி. மதுரைக்காரனுக்கு யானைமலை அடிவாரத்தில் நிற்கும் பிரமை வரும். வித்தியாசம் ஒன்றுதான், எங்கள் ஊர்ப் பாறை காய்ந்து கிடக்கும், கால் வைத்தால் பிடிக்கும். இது மழைக்காட்டுப் பாறை. மேலே கண்ணுக்குத் தெரியாத பாசி. அதன்மேல் முந்தின இரவு மழை.

அப்படிப்பட்ட ஒரு பாறையில்தான் எட்டாயிரம் ரூபாய் ஷூ தன் புத்தியைக் காட்டியது. இடது கால் முன்னால் போனது, உடம்பு போகவில்லை. பக்கத்தில் இருந்த வேரைப் பிடித்தேன். வேர் நல்ல வேர், தாங்கிக்கொண்டது. முழங்கை சிராய்த்து, பேண்ட் முட்டியில் கிழிந்தது. மாமா கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து கையைப் பார்த்தார். "பாறை மேல கால் வைக்காதீங்க, பாறை ஓரத்துல வைங்க. வேர் மேலயும் வைக்காதீங்க, வேருக்கு முன்னால வைங்க" என்றார். இரண்டே வாக்கியம். அதன்பிறகு நான் விழவில்லை. யூடியூபில் மலையேற்ற வீடியோ எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒருவனும் இதைச் சொன்னதில்லை.

கொஞ்ச தூரம் கேனை நான் கொண்டுவருகிறேன் என்றேன். ரோஷம்தான். கொடுத்தார். ஐந்து லிட்டர் ஐந்து கிலோ என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. அந்த ஏற்றத்தில் அது வேறு கணக்கு. கேன் சும்மா கனக்கவில்லை, உள்ளே தண்ணீர் தளும்பி, நான் இடப்பக்கம் சாயும்போது வலப்பக்கம் இழுக்கிறது. துண்டு சுற்றியிருந்த இடம் தோள் எலும்பில் சரியாக உட்காராமல் கழுத்து நரம்பில் ஏறியது. தோள் மாற்றினேன். மறுபடி மாற்றினேன். பத்து நிமிடம் இருக்கும், மாமா ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார், நானும் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நம்பர் மடம் என்று மாமா சொன்ன இடம் வந்தது. காட்டுக்குள் ஒரு கூரை, பெஞ்சுகள், சுவரில் சீன எழுத்தில் நாட்காட்டி, ஆணியில் தொங்கும் குவளைகள். ஓய்வுபெற்ற சீனப் பெரியவர்கள் நாலைந்து பேர். ஒருவர் கையை முன்னும் பின்னும் வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒரு அம்மா ஹூலா வளையத்தை இடுப்பில் சுழற்றிக்கொண்டே மாமாவிடம் ஏதோ கேட்க, மாமா ஹொக்கியன் மொழியில் சடசடவென்று பதில் சொன்னார். பினாங்கில் ஒரு தமிழர் ஹொக்கியன் பேசுவது அதிசயம் இல்லையாம். எனக்கு அதிசயமாகத்தான் இருந்தது.

மாமா கேனை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பெரிய பானையில் சாய்த்தார். ஏற்கெனவே அங்கே வேறு யார் யாரோ கொண்டுவந்த பாட்டில்கள் காலியாகி நின்றன. ஏறுகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கும் தேநீர் அது. சர்க்கரை இல்லாத வெறும் சீனத் தேநீர், மஞ்சள் நிறம். பக்கத்தில் ஒரு உண்டியல். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. "மேல எம்பத்தி நாலாம் நம்பர் மடத்துக்கு ஜீப்பு வரும், சாமான் வந்துரும். இங்க மனுசன்தான் கொண்டாரணும்" என்றார் மாமா. நான் மூன்று குவளை குடித்தேன். ஒரு வெள்ளி போட்டேன். ரிங்கிட்டுக்கு இங்குள்ள தமிழில் வெள்ளி. சென், காசு. வெள்ளிக்காசு புழங்கிய காலத்தை நாக்கு இன்னும் விடவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த மலையில் தூக்கிச் சுமந்தவர்களைப் பற்றி யோசனை ஓடியது.

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். சில வருடங்களுக்குள்ளேயே அவர்கள் கண் மலைமேல் போய்விட்டது. கீழே காய்ச்சல் கொன்றது, மேலே குளிர்ந்தது. ஊட்டிக்கு ஜான் சல்லிவன் ஏறியது 1819இல்தான். சிம்லாவும் ஊட்டியும் பிறப்பதற்கு முன்பே வெள்ளைக்காரன் பழகிப் பார்த்த கோடை வாசஸ்தலம் இது. லைட் அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டதால்தான் ஸ்ட்ராபெரி ஹில் என்கிறார்கள். சரி, துரை எப்படி மேலே போனார்? ஒன்று மட்டக் குதிரையில். இல்லையென்றால் நாற்காலிப் பல்லக்கில். நம் ஊர் டோலி. ஒரு நாற்காலிக்குப் பல தோள்கள், மாற்றாள் வேறு. துரை, துரைசாணி, பிள்ளைகள், பெட்டிகள், பிறகு ஒயின் பாட்டில்கள், ஒரு பங்களாவுக்கு வேண்டிய அத்தனை மரச்சாமானும். 1790கள் தொடங்கி கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியச் சிறைக்கைதிகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பியது. தீவின் சாலைகளில் பலவற்றை வெட்டிப் போட்டவர்கள் அவர்கள்.

இதே தீவின் புகழ்பெற்ற சாப்பாடு நாசி கண்டார். ஜார்ஜ் டவுனுக்கு வருகிறவர்கள் கியூவில் நின்று சாப்பிட்டுவிட்டுப் படம் போடுகிறார்கள். கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்புகள், துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் வைத்த பெயர் அது. காவடியும் அதே கம்புதான், இரண்டு பக்கமும் பாரம். மூன் கேட்டுக்கு வரும் வழியிலேயே தண்ணீர்மலை இருக்கிறது. அங்கே அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. 2012இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில். தைப்பூசத்தன்று தீவின் தமிழர்களோடு சீனர்களும் காவடி எடுத்து அந்தப் படியேறுகிறார்கள். டோலிக்காரன் தோள், கண்டார்க்காரன் தோள், காவடிக்காரன் தோள். முதல் இரண்டும் வயிற்றுக்காக, மூன்றாவது சாமிக்காக. மாமாவின் கேன் எந்தக் கணக்கில் சேரும் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்துக்கு மேல் பாதை இன்னும் செங்குத்து. சில இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கையும் காலுமாக நாலு காலில் ஏறினேன். எண்பத்து நாலு என்ற இடத்தில் காட்டுப் பாதை முடிந்து ஜீப் ரோடு வருகிறது. விளக்குக் கம்பத்தின் எண்தான் இடத்துக்குப் பெயராகிவிட்டது என்றார் மாமா. அங்கும் கூரை, அங்கும் தேநீர், அங்கும் சிரித்த முகங்கள். கூட்டம்தான் அதிகம்.

ஜீப் ரோடு பூங்காவிலிருந்து உச்சிவரை 5.1 கிலோமீட்டர். தளம் போட்ட பாதை, அதனால் சுலபம் என்று நினைத்தேன். தப்பு. காட்டுப் பாதையிலாவது பாறை, வேர் என்று கால் மாறி மாறி வேலை செய்யும். இங்கே ஒரே சரிவு, ஒரே தசை. கெண்டைக்கால் கதறியது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் இதில் ஏறும் என்பது, எதிரே இறங்கிய ஜீப்பின் என்ஜின் முனகலைக் கேட்டபோதே தெரிந்தது. ஓரங்களில் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர்கள். 2017 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் கொட்டிய மழையில் தீவு முழுக்க வெள்ளம், மலையில் இடம் இடமாகச் சரிவு. மலைப்பாதைகள் பல நாள் மூடிக் கிடந்தன. அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். "வீட்டு மாடிப்படியில ஏறி எறங்குனேன். அத்தை திட்டுச்சு."

மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று உச்சியைத் தொட. சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். அங்கே என்னை வரவேற்றது, ஏசி ரயிலிலிருந்து அப்போதுதான் இறங்கி, வாசனைத் திரவியம் மணக்க, ஐஸ்கிரீம் கையோடு நின்ற ஒரு சுற்றுலாக் கூட்டம். ஐந்து பத்து நிமிடத்தில் வந்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி என்னைப் பார்த்துத் தன் குழந்தையைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

பழனி விஞ்சில் போனவர்களுக்கு இந்த ரயிலை விளக்க வேண்டியதில்லை. கம்பிவடத்தில் கட்டி இழுக்கும் அதே ஏற்பாடு, அளவில்தான் பெரியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட முதல் பாதை சரிப்பட்டு வரவில்லை. பிறகு ஆர்னால்ட் ஜான்சன் என்ற ரயில்வே என்ஜினியர் சுவிட்சர்லாந்துப் பாணியைப் படித்துவந்து கட்டியதுதான் ஓடியது. 1923இல் ஓடத் தொடங்கி, 1924 புத்தாண்டன்று முறையாகத் திறக்கப்பட்டது. டோலிக்காரர்களின் பிழைப்பு அதோடு முடிந்தது. மரப்பெட்டிகள், நடுவழியில் ஒருமுறை வண்டி மாற வேண்டும், அரை மணி நேரப் பயணம். அதில் போனதை மாமா ஆசையாகச் சொன்னார். சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் பெரணியைப் பறிக்கலாமாம். 2011இல் புது ரயில் வந்தது. சில்லென்று இருக்கிறது, நிற்காமல் போகிறது. கையை வெளியே நீட்ட முடியாது.

ரயிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, கம்பளி போர்த்தியபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் இல்லாவிட்டால் அவருக்கு இந்தக் காட்சி இல்லை, அல்லது எட்டுத் தோள்கள் வேண்டும். ஆனால் நடக்க முடிந்த இளவட்டங்கள் மேலே வந்து, கண்ணாடித் தடுப்பருகே பத்துப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தால், இவர்கள் பார்த்தது மலையை இல்லை, மலையிலிருந்து தெரிவதை மட்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. கிழிந்த பேண்ட்டோடு நிற்பவனின் பொறாமை என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

தெரிவது என்னவோ பிரமாதம். காலடியில் ஜார்ஜ் டவுன், நடுவே கொம்தார் கோபுரம் நட்டுவைத்த தீக்குச்சி மாதிரி. ஜலசந்தியின் மேல் 1985இல் திறந்த முதல் பாலம், தெற்கே தள்ளி 2014இல் திறந்த இரண்டாவது பாலம் நெளிந்துபோகிறது. அக்கரையில் பட்டர்வொர்த். மாமா என் தோளைத் தொட்டு வடக்கே காட்டினார். புகை மாதிரி ஒரு மலை. "அது குனோங் ஜெராய். அதுக்குக் கீழதான் கடாரம்."

கொஞ்ச நேரம் வாய் பேசவில்லை. பாடப்புத்தகத்தில் 'கடாரம் கொண்டான்' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய ஊர். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த இடம். அதற்கும் முன்பே பல நூற்றாண்டுகளாக வணிகர்கள் வந்துபோனதற்குச் சாட்சியாகப் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் வங்கக்கடலைக் கடந்து வந்த மாலுமிக்குக் கரை வந்துவிட்டதைச் சொன்ன அடையாளம். போரிட வந்தவனும் மிளகு வாங்க வந்தவனும் கூலிக்கு வந்தவனும் கப்பலிலிருந்து அண்ணாந்து பார்த்த மலை. நான் ஒரு பிளாஸ்டிக் பெஞ்சில் உட்கார்ந்து, வாழைப்பழம் உரித்தபடி அதைப் பார்த்தேன்.

உச்சியில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது, ஸ்ரீ அருளொளித் திருமுருகன் ஆலயம். அருகிலேயே பள்ளிவாசல். மலைக்கு வந்த சிப்பாய்களும் டோலி தூக்கிகளும் வைத்துக் கும்பிட்ட சாமி என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்று வண்ணம் பூசிய கோபுரத்தோடு, ரயிலில் வருகிறவர்கள் படமெடுக்கும் இடமாகிவிட்டது. கருவறை முன் மாமா கண்மூடி நின்றார். காலியான கேனைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். யாரோ ஒரு சுற்றுலாப் பயணி அதைக் குப்பைத் தொட்டி என்று நினைத்து டிஷ்யூ காகிதத்தைப் போடப் போக, நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன்.

வெஸ்டர்ன் ஹில் பக்கம் போகும் சாலை அமைதியானது. கூட்டம் ரயில் நிலையத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. வழியில் பழைய பங்களாக்கள். பெல் ரெட்டிரோ கவர்னருக்கானது, இன்னும் கம்பீரம் குறையாமல் இருக்கிறது. சிலவற்றில் ஓட்டின்மேல் மரமே முளைத்துவிட்டது. பழைய கிராக் ஹோட்டலில் 'இந்தியன் சம்மர்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைப் படமாக்கினார்கள். கதை நடப்பது சிம்லாவில், படமானது பினாங்கில். சாலையின் மேல் கிளையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள். கண்ணாடி போட்ட தலைமையாசிரியர் மாதிரி மேலிருந்து பார்க்கும். குட்டி மட்டும் பொன்னிறம். எவ்வளவு கறுப்பான அம்மாவுக்கு எவ்வளவு மஞ்சளான பிள்ளை! அங்கிருக்கும் ஹபிடாட் என்ற காட்டுப் பூங்காவில் கட்டணம் கட்டினால், மரமுகடுகளுக்கு மேலே வட்டமாக நடக்கும் மேடைக்குப் போகலாம். கர்ட்டிஸ் கிரெஸ்ட் என்று பெயர். 1884இல் கீழே பழைய கல்குவாரியில் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய சார்லஸ் கர்ட்டிஸின் நினைவாக வைத்தது. மேற்கே திரும்பினால் ஊர் மறைந்து காடு, காட்டுக்கப்பால் அந்தமான் கடல். இந்த மலைக்காடும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. அந்த மேடையில் நின்றால் எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்கத் தோன்றாது.

இறக்கத்தைப் பற்றி ஏறும்போது யாரும் பேசுவதில்லை. ஜீப் ரோட்டில் இறங்கத் தொடங்கிய அரை மணி நேரத்தில் முட்டி இரண்டும் தனித்தனியாகப் புகார் கொடுத்தன. பெருவிரல் நகம் ஷூவின் முனையில் போய் முட்டியது. அப்போது ஒரு வளைவில், வயதான சீனத் தம்பதி எங்களைப் பார்த்தபடியே எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாக நடக்கிறார்கள்! அந்தம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து வழி சொல்லிக்கொண்டு வந்தார். முட்டிக்கு நல்லதாம். நானும் செய்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், வலி பாதியாகக் குறைந்தது. முகம் மலையைப் பார்த்திருக்க, உடம்பு மட்டும் கீழே போனது.

"பாத்தீங்களா, முதுகு காட்டல" என்றார் மாமா.

பூங்காவிலிருந்து உச்சிக்குக் கேபிள் கார் விடும் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி மாமா அதிகம் பேசவில்லை. "வரட்டும். கேபிள் காருல ஐந்தாம் நம்பர்ல எறங்க முடியாது" என்றதோடு சரி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஒரு ரயில் போதும் இந்த மலைக்கு. 2017இல் சரிந்த மண்ணின் மேல் இன்னும் எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்குவது?

பூங்கா வாசல் பக்கம் வந்தபோது மணி ஒன்றரை. செல்போன் 14 கிலோமீட்டர் சொச்சம் காட்டியது. அங்கே நாகலிங்க மரங்கள். அடிமரத்திலேயே பூ, பீரங்கிக் குண்டு மாதிரி காய். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரும் பீரங்கிக் குண்டு மரம்தான். தென் அமெரிக்காவில் பிறந்த மரம், நம் சிவன் கோயில்களில் இடம்பிடித்து, இங்கேயும் வந்து நிற்கிறது. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து மாமா காதில் வைத்துக்கொண்டார். காலிக் கேன் தோளில் தொங்க, காஞ்சில் காரை நோக்கி அவர் நடந்ததுதான் அந்த நாளில் நான் எடுத்த கடைசிப் படம்.

பினாங்கு போகிறவர்கள் கவனத்துக்கு: மூன் கேட்டில் ஆறரைக்கு நில்லுங்கள், வெயிலுக்கு முன் ஐந்தாம் நம்பரைத் தொட்டுவிடலாம். முந்தின நாள் பெரிய மழை என்றால் காட்டுப் பாதை வேண்டாம், ஜீப் ரோட்டிலேயே ஏறுங்கள். ஷூவுக்குச் செலவு செய்யாதீர்கள், ஜார்ஜ் டவுன் கடைகளில் அடிடாஸ் கம்போங் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டிய தண்ணீருக்கு மேல் ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஐந்தாம் நம்பர் பானையில் ஊற்றிவிட்டுத் தேநீரைக் குடியுங்கள்.